பழைய முறை நிலையும் பலகைத் தரையும்: வருஷக்கணக்கா பொழங்கினவனோட புலம்பல்

வீடு கட்டப் போற ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான், "கழுந்து போட்ட நிலை, நாக்கு காடி பலகைத் தரைனு பழைய முறையில வச்சிருக்கியே, நானும் போடலாமா இல்ல ரெடிமேட்ல முடிச்சுக்கவா"னு. கேட்ட நேரம்தான் சரியில்ல. வாசலுக்கு நேரா இருக்குற பலகை க்ரீச்சுனு கத்தி, அதை ஆள் வச்சு சரி பண்ணி, அந்தச் சத்தம் நின்ன கையோட பக்கத்துப் பலகை கத்த ஆரம்பிச்சிருந்த நேரம். நியாயமா எழுதத்தான் பாக்குறேன், நடுவுல கோவம் எட்டிப் பாத்தா கண்டுக்காதீங்க. நிலைன்னா கதவு மாட்டுற மரச்சட்டம். கழுந்துன்னா கட்டை முனையில சீவி விடுற நீட்டம், அது இன்னொரு கட்டையில இருக்குற துளைக்குள்ள போய் உக்காரும். காடின்னா கட்டை ஓரத்துல நீளமா செதுக்குற பள்ளம், பலகைத் தரையில பக்கத்துப் பலகை ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்குற நாக்கு அதுக்குள்ள நுழையும். இதுக்கு மேல பாடம் எடுக்கப் போறதில்ல.

முதல்ல நிலை. இதுல குறை சொல்ல எனக்கு வாய் வரல. நிலைக்காலும் மேல்சட்டமும் சேர்ற மூலையில பசையும் இல்ல ஆணியும் இல்ல, வெறும் மரமுளைதான். ஆனா அந்த முளைக்கு ஓட்டை போடுறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. துளை இருக்குற கட்டையில முதல்ல நேரா ஓட்டை போட்டுடுவாங்க, அப்புறம் கழுந்தை உள்ள சொருகி அந்த ஓட்டை வழியா ஒரு குறி போட்டுக்கிட்டு, வெளிய எடுத்து, குறி விழுந்த இடத்துலயே போடாம கழுந்தோட தோள், அதாவது கழுந்து ஆரம்பிக்கிற படி, அந்தப் பக்கமா 1 இல்லனா 2 மில்லிமீட்டர் தள்ளி ஓட்டை போடுவாங்க. இப்ப ரெண்டு ஓட்டையும் நேருக்கு நேரா இருக்காது. கூர் சீவின முளையை அடிச்சு உள்ள இறக்குறப்ப அது வளைஞ்சு நெளிஞ்சு போய் கழுந்தை இழுத்து தோளை கட்டையோட இறுக்கிடும், அதுக்கப்புறம் மரம் காய்ஞ்சு சுருங்கினாலும் அந்த இழுப்பு விடாது. முளையைக்கூட ரம்பத்தால அறுக்காம பொளந்து எடுக்கணும், அப்பதான் நார் முழுசா இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் ஓடும், அடிக்கிறப்ப முறியாது. இத்தனை வருஷத்துல என் நிலை மூலையில ஒரு விரிசல் இல்ல, ஒரு பேப்பர் நுழையுற சந்து இல்ல. ஜெர்மனியில தோண்டி எடுத்த ஓக் மரக் கிணறுகள்ல கழுந்து போட்டு ஆப்பு அடிச்ச மூட்டு இருக்கு, 7,000 வருஷத்துக்கு முந்தினது. உலோகமே இல்லாம கல் உளியால பண்ணியிருக்காங்க. இதைப் படிச்சப்ப என் நிலை தாங்குறதுல என்ன ஆச்சரியம்னு தோணுச்சு.

நிலையை நிறுத்துனப்ப பாத்த ஒரு வேலையை மட்டும் சொல்லியே ஆகணும். தூக்குக்குண்டு விட்டு ரெண்டு காலையும் ரெண்டு பக்கமும் பாத்தாங்க, மூலைக்கு மூலை அளந்தாங்க, ரெண்டு அளவும் ஒண்ணா வந்துச்சு, சரி முடிஞ்சுதுன்னு நான் நினைச்சேன். தச்சர் அதோட விடல. மூலைக்கு மூலை குறுக்கா ரெண்டு நூல் கட்டினாரு, நடுவுல ரெண்டு நூலும் லேசா உரசிக்கிட்டு போகணுமாம். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் சந்து விழுந்தாலோ, ஒண்ணு இன்னொண்ண அழுத்தினாலோ நிலை முறுக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். அளவு டேப்புல சரியா இருந்தும் முறுக்கி இருக்கலாம், அந்த முறுக்கு இருந்தா கதவு மேல் பக்கம் ஒட்டி உக்காரும், கீழ்ப்பக்கம் வெளிய தள்ளிக்கிட்டே நிக்கும், அப்புறம் கீலை எத்தனை தடவை மாத்தினாலும் சரியாகாது. ரெண்டு துண்டு நூல், செலவே இல்ல, ஆனா அவசரத்துல இதை யாரும் பண்றதில்ல.

நிலைக்கால் அடியையும் அவரு நேரா கலவையில புதைக்க விடல. மரத்தோட வெட்டுவாய், அதாவது குறுக்கா அறுத்த முனை இருக்கே, அது ஒரு கட்டு உறிஞ்சுகுழல் மாதிரி, அடியில ஈரம் பட்டா மேல வரைக்கும் இழுத்துக்கும். அதனால வெட்டுவாய்க்கு நல்லா பெயின்ட் குடிக்கக் குடிக்க அடிச்சு, அடியில ஒரு உலோக முளை வச்சு, தரையில இருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தினாரு. அப்ப இது எனக்கு அதிகப்பிரசங்கித்தனமா பட்டுச்சு, இப்ப தெரிஞ்சவங்க வீட்டு நிலைக்கால் அடி உளுத்துப் போறதைப் பாக்குறப்ப அப்படிப் படல.

கதவு மழைக்காலத்துல பிடிக்கும். ஆமா, பிடிக்கும், அதுக்கு நான் கோவப்பட மாட்டேன். மரம் நீளவாக்குல அசையாது, அகலவாக்குலதான் ஊதும், அதுலயும் மரத்தோட வளையம் போற போக்குல, நடுவுல இருந்து பட்டை பக்கம் போற ஆரவாக்கை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஊதும் சுருங்கும். காத்துல ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தா மரத்துக்குள்ள சுமார் 9 சதவீதம் ஈரம் நிக்கும், 80 சதவீதம் ஆனா 16க்கு ஏறிடும், கதவுக்கு ஓரத்துல விடுற 2, 3 மில்லிமீட்டர் சந்து அதுக்குத்தான் இருக்கு. மழையில பிடிக்குதேன்னு உடனே இழைப்புளி எடுத்து சீவிடுறவங்க கோடை வந்ததும் கதவு இடுக்கு வழியா அடுத்த ரூமைப் பாப்பாங்க. கதவு நடுவுல இருக்குற பேனலுக்கு பசை வைக்காம காடிக்குள்ள சும்மா நிறுத்தியிருக்கிறதும் இதுக்காகத்தான், அது உள்ளயே ஊதி உள்ளயே சுருங்கிக்கும். வெயில் காலத்துல பேனல் ஓரத்துல பாலிஷ் படாத வெளுப்புக் கோடு ஒண்ணு தெரியும், வர்றவங்க எல்லாம் "பாலிஷ் விட்டுப் போச்சு போல"னு துக்கம் விசாரிப்பாங்க. நான் ரசிக்கிற கோடு அது.

இப்ப தரைக்கு வர்றேன்.

தரைக்கும் அதே அறிவோடதான் வேலை பண்ணியிருக்காங்க, அதை மறுக்கல. ஒவ்வொரு பலகையும் ஒரு பக்கம் மட்டும்தான் ஆணி வாங்கும், நாக்கோட இடுக்குல சாய்வா அடிச்சு ஆணித்தலையை உள்ள அமுக்கிடுவாங்க, அடுத்த பலகையோட காடி அதுமேல வந்து மூடிடும். மறுபக்கம் காடிக்குள்ள சும்மா பிடிச்சிருக்கிறதால பலகை தன் இஷ்டத்துக்கு ஊதி சுருங்கலாம். 150 மில்லிமீட்டர் அகலப் பலகை, மரத்துக்குள்ள ஈரம் 5 சதவீதம் ஏறினா ஒண்ணு, ஒன்றரை மில்லிமீட்டர் விரியும், 20 பலகை சேந்தா ரெண்டு செண்டிமீட்டருக்கு மேல வந்துடும். எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சு கட்டிப் போட்டா தரை எழும்பி நிக்கும் இல்லனா பலகை பொளந்துக்கும். சுவரோரம் 10, 12 மில்லிமீட்டர் விட்டு ஸ்கர்ட்டிங்கால, அதாவது சுவரடிப் பட்டையால மறைக்கிறதும் அதுக்குத்தான். எல்லாம் சரி. யோசிச்சு யோசிச்சு பண்ணின வேலை. அப்புறம் ஏன்டா கத்துற?

காரணம் சின்னதுதான். பலகை நல்லா காய்ஞ்ச மரம், அடியில அதைத் தாங்குற அடிக்கட்டை அவ்வளவு காயாத மரம். தரை போட்டதுக்கப்புறம் அடிக்கட்டை மெதுவா காய்ஞ்சு ரெண்டு மில்லிமீட்டர் சுருங்கி கீழ இறங்கிடுச்சு, பலகை அதே உயரத்துல ஆணியைப் பிடிச்சுக்கிட்டு தொங்குது. நாம மிதிச்சா கீழ போகும், காலை எடுத்தா மேல வரும், போய் வர்றப்ப ஆணித்தண்டுல உரசும், அதுதான் அந்தச் சத்தம். பழைய சதுர ஆணியா இருந்தா அதோட மொட்டை முனை நாரைக் குத்தி அறுத்துக்கிட்டு இறங்கி நல்லா கவ்விப் பிடிச்சிருக்கும், இது உருண்டை கம்பி ஆணி, வழுக்குது. பகல்ல தெரியாது. ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா வீட்டுல எல்லாரும் முழிச்சுப்பாங்க, குழந்தை தூங்குன ரூம்ல இருந்து பூனை மாதிரி வெளிய வந்து கடைசி அடியில மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

முதல்ல வந்தவரு மேல இருந்து சாய்வா ஒரு ஆணி அடிச்சுட்டு போனாரு, கொஞ்ச நாள் அமைதி, அப்புறம் அந்த ஆணியும் சேந்து கத்துச்சு, இப்ப ரெண்டு குரல். இடுக்குல பவுடர் போட்டா நிக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, நிஜமாவே நிக்குது, மழை வர்ற வரைக்கும். கடைசியா வந்தவருதான் விஷயம் தெரிஞ்சவரு. பலகையில ஸ்க்ரூ மரை பிடிக்காத அளவுக்கு பெருசா ஓட்டை போட்டு, அடிக்கட்டையில மட்டும் மரை பிடிக்கிற மாதிரி இறக்கினாரு. பலகையிலயும் மரை பிடிச்சா ரெண்டு கட்டையும் இருந்த தூரத்துலயே பூட்டிக்கும், நடுவுல இருக்குற சந்து அப்படியே நிக்கும், இதைத் தெரியாமத்தான் ஊர்ல பாதிப்பேர் ஸ்க்ரூ போட்டும் சத்தம் போகலனு திட்டிக்கிட்டு இருக்காங்க. ஸ்க்ரூ தலைமேல அதே மரத்துல சின்ன அடைப்புத் துண்டு செஞ்சு, நார் திசை பாத்து அடைச்சு, இழைச்சு விட்டாரு. தேடினாலும் தெரியாது. அந்தப் பலகை வாயை மூடிடுச்சு. பக்கத்துப் பலகை ஆரம்பிச்சிடுச்சு!

என் ஆத்திரம் சத்தத்து மேலகூட இல்ல. "அந்த ஒரு பலகையை எடுத்து அடியில ஆப்பு வச்சுட்டு திரும்பப் போடுங்க"னு கேட்டேன், முடியாதுன்னுட்டாரு. நடுவுல இருக்குற பலகையை எடுக்கணும்னா சுவரோரத்துல இருந்து ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டே வரணும், இல்லனா அதோட நாக்கை ரம்பம் விட்டு அறுக்கணும், அறுத்தா அந்தப் பலகைக்கு அப்புறம் பிடிமானம் போச்சு. அடியில ஆள் நுழைஞ்சு போற இடம் இருந்தா கீழ இருந்தே ஆப்பு வச்சிடலாம், எனக்கு அந்த இடமும் இல்ல. நிலையைப் பாருங்க, முளையை எதிர்ப்பக்கமா தட்டினா மூட்டு கழண்டு வரும், இத்துப்போன காலை மட்டும் மாத்தலாம். கழட்ட முடியும்ங்கறதுதானே பழைய தச்சு வேலையோட பெருமைன்னு எல்லாரும் பேசுறாங்க? அந்தப் பெருமை தரையில எங்க போச்சு? ஆணித்தலை கண்ணுல படக்கூடாதுங்கற ஒரே அழகுக்காக மொத்தத் தரையையும் பூட்டிட்டு சாவியைத் தூக்கிப் போட்டுட்டாங்க. அதுக்கும் முன்னாடி நாக்கு காடி இல்லாத பலகையில மேல இருந்து நேரா ஆணி அடிச்சாங்களே, தலை வரிசையா தெரியும், பாக்க முரடா இருக்கும், ஆனா எந்தப் பலகை கெட்டாலும் அதை மட்டும் நெம்பி எடுத்துடலாம்.

ஜப்பான்ல கியோட்டோ நகரத்து நிஜோ கோட்டைக்குள்ள நடந்தா குருவி மாதிரி சத்தம் போடுற பலகைத் தரை ஒண்ணு இருக்கு, அங்கயும் விஷயம் இதேதான், பலகைக்கு அடியில இருக்குற இரும்புப் பிடியில ஆணி உரசுது. அதைக் கேக்க டிக்கெட் வாங்கிட்டு கூட்டம் போகுது. என் வீட்டுலயும் வசூல் பண்ணலாம்னு வீட்டம்மா சொல்றாங்க.

சரி, ஃப்ரெண்டு கேட்டதுக்கு பதில். இவ்வளவு நேரம் நிலையைப் புகழ்ந்து தரையைத் திட்டிட்டு இதைச் சொன்னா சிரிப்பீங்க, ஆனா ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா தரையைப் போடுன்னுதான் சொல்லுவேன். நிலையை ஸ்க்ரூவும் பசையும் வச்சு பண்ணினாலும், தூக்குக்குண்டும் குறுக்கு நூலும் பாத்து நிறுத்தினா போதும், கதவு ஒழுங்கா மூடும், மூட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தினமும் யாரும் எட்டிப் பாக்கப் போறதில்ல. தரை அப்படி இல்ல, காலையில எந்திரிச்சதும் கால் படுறது அதுலதான், 20 மில்லிமீட்டர் கனத்துல கெட்டி மரம் போட்டா கீறல் விழுந்து கறை பட்டு அசிங்கமானப்புறம் ஒரு தடவை இழைச்சு எண்ணெய் பூசினா புதுசா நிக்கும், மேல மெல்லிசா மரத்தகடு ஒட்டின பலகையில அந்த வேலை நடக்காது. எனக்கு அதை விட மனசு வரல, திட்டிக்கிட்டே வச்சிருப்பேன்.

ஆனா போடுறப்ப அடிக்கட்டையோட ஈரத்தை மீட்டர் வச்சு பாக்கச் சொல்லு, பலகையை மட்டும் காய வச்சுட்டு காயாத கட்டை மேல அடிக்க விடாத. பலகை வீட்டுக்குள்ளயே கொஞ்ச வாரம் காத்து படுற மாதிரி குச்சி வச்சு அடுக்கிக் கிடக்கட்டும். அடிக்கட்டைக்கு நடுவுல 400 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி விடச் சொன்னா ஒத்துக்காத. வாசலுக்கு நேரா, எல்லாரும் மிதிக்கிற அந்த ஒரு பலகைக்கு மட்டும் நாக்கு காடியும் மறைவு ஆணியும் வேண்டாம், ஸ்க்ரூ போட்டு தலை தெரியட்டும், எப்ப வேணா கழட்டுற மாதிரி. தச்சர் முகத்தைச் சுளிப்பாரு, வேலைக்கே அசிங்கம்னு சொல்லுவாரு. விட்டுக் கொடுத்துடாத.