சேலத்தில் டிரான்ஸ்பார்மர் சுற்றக் கொடுக்கப் போகிறீர்களா, இதைப் படித்துவிட்டுப் போங்கள்

டிரான்ஸ்பார்மர் சுற்ற நான் கொடுத்த 1,400 ரூபாய் போகட்டும். என் பெரியப்பா தினமும் கை வைக்கிற பெட்டிக்குள், 230 வோல்ட் ஓடும் கம்பிக்கும் அவர் விரல் படும் பக்கத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுற்று மெல்லிய டேப்தான் இருந்தது. பிரித்துப் பார்த்த அன்றைக்கு எனக்கு கை நடுங்கிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரியப்பா ஏற்காட்டில், நாகலூர் பக்கம் இருக்கிறார். காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய இசைத்தட்டுகளை உயிராக வைத்திருப்பவர். அவருக்காக, இசைத்தட்டு ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் ஒரு போனோ ப்ரீஆம்ப்பும், ராத்திரியில் கேட்க ஹெட்போன் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் செய்தேன். அதற்கு 15 வோல்ட்டை அசையாமல் கொடுக்கும் சப்ளைக்கு ஷண்ட் ரெகுலேட்டர். அதாவது முன்னால் எல்எம்317 என்ற ஒரு ஐசி நிலையான கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஆம்ப் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தை லோடுக்கு இணையாக நிற்கும் டிரான்சிஸ்டர் தரைக்கு இறக்கிவிடும். அந்தக் கரண்டை முடிவு செய்யும் ரெசிஸ்டராக நான் 12 ஓம் போட்டேன், அதன் மேல் எல்எம்317 நிறுத்தும் 1.25 வோல்ட்டை 12ஆல் வகுத்தால் சுமார் 104 மில்லிஆம்பியர். என் ஆம்ப் ஒரு பக்கத்துக்கு எடுப்பது 70 போல, மிச்சம் பிடி140 என்ற அந்த டிரான்சிஸ்டர் வழியாகப் போகும். அதைக் கட்டுப்படுத்துவது டிஎல்431 என்ற இன்னொரு ஐசி, அதன் ரெஃபரன்ஸ் 2.495 வோல்ட், 10 கே, 2 கே ரெசிஸ்டர் வைத்தால் 14.97 வோல்ட் வரும். பிளஸ் மைனஸ் இரண்டும் வேண்டும் என்பதால் ஒரே மாதிரி இரண்டு போர்டு, இரண்டுக்கும் டிரான்ஸ்பார்மரில் தனித்தனி செகண்டரி, அதாவது குறைந்த வோல்ட் வெளியே வரும் சுற்று.

அந்தச் செகண்டரிக்காகத்தான் சேலம் டவுனில் ஒரு வைண்டிங் கடைக்குப் போனேன். பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். 0-18 வோல்ட் செகண்டரி இரண்டு, தலா 1 ஆம்பியர், முழுக்கச் செம்பு, 230 வோல்ட் நுழையும் பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவில் இரண்டையும் பிரிக்கும் செம்புத் தகட்டு ஸ்கிரீன், இவ்வளவையும் தாளில் எழுதியே கொடுத்தேன். "தம்பி, நம்ம கடையில அலுமினியமே கிடையாதுங்க, வேணும்னா எடை போட்டுக் காட்டறேன்" என்றார். பில் கேட்டதற்கு, பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், தேவையா என்றார். நானும் சரி என்று ஜிபேயில் அனுப்பிவிட்டு வந்துவிட்டேன். அங்கேதான் முதல் தப்பு நடந்தது.

வீட்டில் மாட்டியதும் வேலை செய்தது. 15 வோல்ட் அசையாமல் நின்றது, சத்தமே இல்லை. ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் கழிந்து கெப்பாசிட்டரில் 20.5 வோல்ட்தான் இருந்தது, 18 வோல்ட் ஏசிக்கு 24 பக்கம் வந்திருக்க வேண்டும். அவுட்புட் சரியாக இருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் பெரியப்பா வீட்டில் வைத்தேன், மதியம் அருமையாகப் பாடியது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் கொர்ர்ர் என்று ஹம். இசைத்தட்டை எடுத்தாலும் ஹம்.

அப்புறம் மூன்று வாரம் நான் என் போர்டைத்தான் சந்தேகப்பட்டேன். டிஎல்431க்கு ஒரு குணம் உண்டு, அவுட்புட்டில் போடும் கெப்பாசிட்டர் சில அளவுகளில் இருந்தால் ஆட ஆரம்பித்துவிடும், கூடவே டிரான்சிஸ்டரும் சேர்ந்தால் இன்னும் சுலபமாக ஆடும். அதனால் கெப்பாசிட்டர் மாற்றினேன், டிஎல்431 மாற்றினேன், கிரவுண்டுகளைப் பிரித்து ஒரே புள்ளியில் சேர்த்தேன். ஒவ்வொரு முறையும் சேலத்துக்குக் கொண்டுவந்தால் சுத்தமாக இருக்கும், மேலே போனால் சாயங்காலம் ஹம். பெரியப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "விடு சாமி, மதியத்துல கேட்டுக்கறேன்" என்றார். அதுதான் எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

கடைசியில் மல்டிமீட்டரை போர்டில் வைக்காமல் சுவர் பிளக்கில் வைத்துப் பார்த்தேன். ஏழு மணிக்கு 195 வோல்ட். உடனே கெப்பாசிட்டரில் பார்த்தால் 17 சொச்சம். அவ்வளவுதான் விஷயம். வெளியே 15, 12 ஓமில் 1.25, எல்எம்317 வேலை செய்ய இன்னும் இரண்டு வோல்ட் போல, மொத்தம் 18க்கு மேல் இல்லையென்றால் கரண்ட் குறைந்துவிடும். குறைந்தால் ஷண்ட் டிரான்சிஸ்டர் விட்டுக்கொடுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது, ரெக்டிஃபையரிலிருந்து வரும் 100 ஹெர்ட்ஸ் அலை அப்படியே ஆம்ப்புக்குள் போய்விடும். சொன்னபடி 24 வோல்ட் வந்திருந்தால் 195லும் 20 நின்றிருக்கும்.

டிரான்ஸ்பார்மரைக் கழற்றி வந்து செகண்டரியில் 33 ஓம், 20 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினேன். லோடு இல்லாமல் 18.6. லோடு போட்டதும் 14.1. ஓடுவது அரை ஆம்பியர்கூட இல்லை, சொன்னது 1 ஆம்பியர்!

எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "உங்க சர்க்யூட்ல கோளாறு, அதுக்கு நான் என்ன பண்றதுங்க?" ரெசிஸ்டரை மாட்டி அவர் கண் முன்னால் அளந்து காட்டினேன். பில் இருக்கா என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். வெளியே வரும் லீடு ஒயர்கள் எல்லாம் செம்பு, பார்த்தால் யாரும் நம்புவார்கள். டேப்பை எடுத்து உள்ளே இருக்கும் வைண்டிங் கம்பியில் எனாமலைச் சுரண்டினால் வெள்ளையாக மின்னுகிறது, ஈயம் வைத்தால் ஒட்டவே இல்லை. லீடையும் கம்பியையும் முறுக்கிவிட்டு டேப் ஒட்டியிருக்கிறார்கள். அதே தடிமனில் அலுமினியத்துக்கு ரெசிஸ்டன்ஸ் செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல், இவர்கள் கம்பியையும் மெல்லியதாகப் போட்டிருந்தார்கள். ஸ்டாம்பிங், அதாவது உள்ளே அடுக்கும் இரும்புத் தகடுகள், பழசு, ஓரத்தில் துரு. ஸ்கிரீன் தகடு இல்லவே இல்லை. பிரைமரிக்கு மேல் ஒரு சுற்று டேப், அதன் மேலேயே செகண்டரி. செகண்டரியின் கிரவுண்டுதான் இசைத்தட்டு பிளேயரில் ஊசியைத் தாங்கும் கைக்கும் போகிறது. எர்த்திங் சரியில்லாத அந்த வீட்டில் அந்த டேப் ஒரு நாள் கிழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. வோல்ட் குறைத்ததைக்கூட ஏமாற்று என்று சொல்லி விட்டுவிடலாம், இதை அப்படி விட முடியாது.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய பதிவும், நான் எழுதிக் கொடுத்த தாளின் போட்டோவும் வைத்திருக்கிறேன். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் கிடையாது.

வேறு ஒருவரிடம் புதிதாகச் சுற்றிக்கொண்டேன். சுற்றும்போது பக்கத்திலேயே நின்றேன், அவர் தப்பாக நினைக்கவில்லை. லோடு இல்லாமல் 19.6, அதே 33 ஓமில் 18.5. போன சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நாகலூரில் கரண்ட் 193 வோல்ட், அவுட்புட் 14.96, பெரியப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதினொரு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

நீங்கள் கட்டிக்கொண்ட டிரான்ஸ்பார்மர் மேல் சந்தேகம் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லீடு சேரும் இடத்தில் டேப்பைப் பிரித்து ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் திரும்ப மாட்டாதீர்கள்.