துறைமுக வேலை யார் பெயரில் இருக்க வேண்டும்? சென்னைத் துறைமுக ஆணையத்தின் முன்னுள்ள நான்கு வழிகள்

சென்னைத் துறைமுகத்தின் மதிலுக்குள் அன்றாடம் வேலைக்கு நுழைகிறவர்களில் துறைமுக ஆணையத்தின் ஊழியர்கள் ஒரு பகுதியினர் மட்டுமே. தனியார் கன்டெய்னர் முனையங்களின் பணியாளர்கள், கப்பலில் கன்டெய்னர் பெட்டிகளைக் கட்டி இறுக்கும், ஒப்பந்ததாரர் வழியாக வரும் லாஷிங் தொழிலாளர்கள், டிரெய்லர் ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள், காவலர்கள் எனப் பலரும் அதே கேட் வழியாகத்தான் செல்கிறார்கள். ஆகவே ஆணையம் வகுக்கும் பணியாளர் மேம்பாட்டுக் கொள்கை நிரந்தர ஊழியர்களை மட்டும் கருதி எழுதப்பட்டால், அது துறைமுகத்தை நம்பி வாழும் பெரும் திரளைத் தொடாமலே போய்விடும். எந்த வழியை எடுத்துக்கொண்டாலும் மூன்று கேள்விகளை அதன் முன் வைக்கிறேன்: புதியவருக்குக் கதவைத் திறப்பவர் யார், கப்பல் வராத நாளின் இழப்பைச் சுமப்பவர் யார், ஒப்பந்ததாரர் மாறினால் தொழிலாளியின் அனுபவம் யாருடைய ஏட்டில் எஞ்சுகிறது?

முதல் வழி, ஆணையமே நேரடியாக ஆள் எடுப்பது. கொள்கை அளவில் இதைவிட நியாயமான வழி இல்லை. தமிழ்நாட்டில் உள்ளூர் அளவில் நிரப்பப்படும் மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளுக்குப் பட்டியல் சாதியினருக்கு 19 விழுக்காடும் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடும் ஒதுக்கீடு உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு உண்டு. ஆனால் வேலையே வேறு கைகளுக்குப் போய்விட்டது. 2001-இல் முதல் கன்டெய்னர் முனையம் 30 ஆண்டுகளுக்குத் தனியாருக்கு ஒப்படைக்கப்பட்டது. தூசு மாசு காரணமாக உயர் நீதிமன்றம் 2011-இல் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் இங்கே கையாளத் தடை விதித்தது. மனிதக் கைகள் மிகுதியாகத் தேவைப்பட்ட சரக்கு எண்ணூரை நோக்கி நகர்ந்தது. எண்ணூரில் அமைந்த காமராஜர் துறைமுகமோ தொடக்கம் முதலே முனையங்களைத் தனியாரிடம் விட்டுச் சிறிய அலுவலகமாக இயங்கும்படி வடிவமைக்கப்பட்டது. இடஒதுக்கீடு தனியார் முனையத்தின் பணியமர்த்தலைக் கட்டுப்படுத்தாது என்பதால், நல்ல விதியொன்று சுருங்கிவரும் இடங்களின் மீது மட்டும் செயல்படுகிறது.

இரண்டாவது வழி, இன்று பரவலாக இருக்கும் ஒப்பந்த முறை. இதன் குறை எங்கே இருக்கிறது என்பதை நுழைவு அட்டையைப் பார்த்தால் போதும், புரியும். லாஷிங் வேலை செய்யும் ஓர் இளைஞர், கப்பலின் மேல்தளத்தில் அடுக்கி நிற்கும் பெட்டிகளின் மீது ஏறி பெட்டிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ட்விஸ்ட் லாக்கை விடுவிக்கவும், ஆளுயரத்தைவிட நீண்ட இரும்புக் கம்பிகளைக் கோத்து இறுக்கவும், கீழே கிரேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிலைதடுமாறாமல் நடக்கவும் பல ஆண்டுகளில் கற்றுக்கொள்கிறார். அவருடைய அட்டை ஒப்பந்ததாரரின் பரிந்துரையின் பேரில் வழங்கப்படுகிறது. டெண்டர் வேறொருவருக்குப் போனால் அட்டை செல்லாததாகிறது. புதிய ஒப்பந்ததாரரிடம் அவர் அனுபவமற்ற புதியவராகவே மீண்டும் தொடங்குகிறார். சேவைக்காலம் அறுபடுவதால் பணிக்கொடைக்கான தகுதியும் கேள்விக்குள்ளாகிறது.

சட்டம் இவரைக் காக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதே ஊதியம் என்பது 1971-ஆம் ஆண்டு மத்திய விதிகளிலேயே இடம்பெற்றது. ஆனால் ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்ட பணியிலும் தொழிலாளர்கள் தாமாகவே, வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை நிறுவனத்தின் ஊழியர்களாகிவிட மாட்டார்கள் என்று 2001-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் இந்திய உருக்கு ஆணையத்தை எதிர்த்து நின்றது ஒரு துறைமுகத் தொழிலாளர் சங்கம்தான் என்பதைத் துறைமுகக் கொள்கை வகுப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர் என்ற நடைமுறையில், விலை குறையக்கூடிய இடம் பெரும்பாலும் கூலியும் பயிற்சியும்தான். மூன்று கேள்விகளிலும் மிக மோசமான விடை தருவது இந்த முறையே.

மூன்றாவது வழியை இன்று பழங்கதையாக ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த துறைமுகத் தொழிலாளர் வாரியம், அதாவது ஹார்பர் வட்டாரத்தில் டி.எல்.பி. என்று அறியப்பட்ட அமைப்பு, அரசு, தொழிலாளர், வேலை தருவோர் ஆகிய மூன்று தரப்புக்கும் சம எண்ணிக்கையில் இடம் தந்தது. தொழிலாளியின் பெயர் வாரியத்தின் பதிவேட்டில் இருந்தது. சரக்கு ஏற்றி இறக்கும் எந்த ஸ்டீவடோர் நிறுவனத்துக்குக் கப்பல் வந்தாலும், கேங் எனப்படும் தொழிலாளர் குழு பதிவேட்டிலிருந்தே சுழற்சி முறையில் சென்றது. வேலை இல்லாத நாளில் வந்து கையெழுத்திட்டவருக்கு வருகைப் படி கிடைத்தது. அந்தச் செலவு வேலை தருவோரிடம் வசூலித்த தீர்வையிலிருந்து வந்தது. அதற்கு முன்பு மேஸ்திரி யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்கே அன்றைய கூலி என்றிருந்த நிலையை இந்த ஏற்பாடு மாற்றியது. எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை போன்றோர் முன்னின்ற துறைமுகத் தொழிற்சங்க இயக்கம் ஊன்றி நின்றதும் இத்தகைய பதிவேடுகளின் பலத்தில்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. பதிவேட்டில் இருந்தவர்கள் ஆண்கள். கன்டெய்னர் வந்து கேங்குகளின் தேவை குறைந்தபோது வேலையின்றி இருந்தோரின் சுமை தீர்வையாகச் சரக்கின் மீது ஏறியது. பதிவேடு புதியவர்களுக்கு மூடிய கதவாயிற்று. 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய வாரியங்களைத் துறைமுகங்களோடு இணைக்க வழிசெய்தது. சென்னையிலும் இணைப்பு நடந்தது. ஆனால் இவை ஒரு காலத்தின் வேலைக்கேற்ப எழுதிய பதிவேட்டின் குறைகள். பொதுப் பதிவேடு என்ற ஏற்பாட்டைக் கைவிடுவதற்கு அவை போதிய காரணம் ஆகா.

நான்காவது வழி, பயிற்சி. இன்று எல்லோரும் விரும்புவது இதைத்தான், ஏனெனில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தொழில் பழகுநர் சட்டப்படி 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனம், ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. முனையத்தில் பெட்டிகளை அடுக்கும் ஆர்.டி.ஜி. கிரேனை இயக்கக் கற்ற ஒரு பெண், உண்மையான சரக்கோடு இயக்கிய மணிநேரக் கணக்கு இல்லாததால் முனையத்தில் சேர முடியாது. முனையத்தில் சேராமல் அந்தக் கணக்கும் ஏறாது. காசிமேட்டுக் குடும்பம் ஒன்று தன் மகளின் ஓராண்டு வருமானத்தை இழந்து இந்தச் சான்றிதழைப் பெறுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகம் இந்த இடைவெளியைக் கட்டுமான ஒப்பந்தங்களில் அடைக்க முயல்கிறது: பொருளாதாரத்தில் நலிந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில் வாழ்வோருக்கு வேலை நேரத்தில் ஒரு பங்கைத் தர வேண்டும் என்று ஒப்பந்ததாரரைக் கட்டுப்படுத்துகிறது. அதை அப்படியே இங்கே நட முடியாது. அரசுப் பணியில் வசிப்பிடத்தைத் தகுதியாக்கும் அதிகாரத்தை அரசமைப்பின் 16-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு மட்டுமே தருகிறது. தனியார் வேலையில் 75 விழுக்காட்டை உள்ளூராருக்கு ஒதுக்கிய ஹரியாணாச் சட்டத்தை 2023-இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. எனவே ராயபுரத்துக்காரருக்கே வேலை என்று எழுதுவதைவிட, ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பயிற்சியைக் கொண்டுவந்து, பயிற்சி முடித்தவர் எவராயினும் பொதுப் பதிவேட்டில் ஏறுவார் என்று எழுதுவதே உறுதியான வழி.

ஆகவே நான் தேர்ந்தெடுப்பது மூன்றாவதையும் நான்காவதையும் இணைத்த வடிவம். லாஷிங், கிரேன், டிரெய்லர் வேலைகளுக்கான திறன் பதிவேடு ஆணையத்தின் பெயரில் இருக்க வேண்டும். நுழைவு அட்டையும் தொழிலாளியின் பெயரிலேயே, ஒப்பந்ததாரர் மாறினாலும் செல்லும்படி வழங்கப்பட வேண்டும். புதிய இடங்களில் ஒரு பங்கைப் பதிவேட்டிலிருந்து நிரப்புவதும், பழகுநருக்குச் சரக்கோடு கூடிய மணிநேரங்களைத் தருவதும், விலைப்புள்ளி கோரும் முன்பே டெண்டர் நிபந்தனைகளாக இடம்பெற வேண்டும். பெண்களின் சம்மதத்தோடு இரவுப் பணியை அனுமதிக்கும் இன்றைய சட்டநிலையில், வாகன வசதியும் ஓய்வறையும் முனையத்தின் செலவுக் கணக்கிலேயே சேர்க்கப்பட வேண்டும். பெரிய துறைமுகங்கள் ஆணையச் சட்டம் 2021, ஆணையத்தை நிர்வகிக்கும் வாரியத்தில் ஊழியர் நலனுக்காக இரண்டு உறுப்பினர்களை வைக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி ஆணையத்தின் ஊழியர் அல்லர் என்பதால் அவருக்காகப் பேசும் கடமை அவர்களுக்குச் சட்டப்படி இல்லை. பதிவேட்டை நடத்தும் குழுவில் அவருக்குத் தனி இடம் வேண்டும்.

முனையத்தை நடத்தும் உரிமையைத் தனியாருக்குத் தந்து, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சலுகை ஒப்பந்தத்தில் இத்தகைய நிபந்தனையைப் புகுத்துவது எளிதல்ல. முனைய நிறுவனம் இழப்பீடு கேட்கும். முதல் கன்டெய்னர் முனையத்தின் 30 ஆண்டுகள் 2031-இல் முடிகின்றன. அதற்கடுத்து வரும் ஏற்பாட்டின் நிபந்தனைகள் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிடும். தொழிற்சங்கங்களும் வட சென்னையின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் அந்த வரைவைக் கேட்டுப் பெற்று, பதிவேடு பற்றிய பிரிவு அதில் இருக்கிறதா என்று இப்போதே பார்க்கத் தொடங்க வேண்டும்.