இயற்கை கிளீனர்கள்: அழுக்கு போகிறது, கிருமி சாகிறதா?

வினிகர், பேக்கிங் சோடா, எலுமிச்சை, டீ ட்ரீ ஆயில், பழத்தோல் என்சைம், தைமால் (ஓமத்தில் இருக்கும் மணப்பொருள்) ஸ்ப்ரே என எல்லாமே 'இயற்கை' என்ற ஒரே பெயரில் விற்கின்றன. ஆனால் கிருமியைக் கொல்லும் திறனில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. எது வேலை செய்கிறது என்பதைத் தீர்மானிப்பது அதிலுள்ள பொருள், அதன் செறிவு, பரப்பு ஈரமாக இருக்கும் நேரம் ஆகிய மூன்றும்தான். செடியிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்பது கிருமிக்கு ஒரு பொருட்டே இல்லை.

முதலில் லேபிளில் இருக்கும் எண். ஒரு பரப்பில் 10 லட்சம் பாக்டீரியா இருந்தால், '99.9%' கொல்லும் பொருள் 1,000ஐ விட்டுவைக்கும். 99.999% என்றால் மிஞ்சுவது 10 மட்டுமே. உணவு படும் பரப்புகளில் பாக்டீரியாவைக் குறைப்பதாகச் சொல்லும் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்திருக்கும் அளவு இந்த இரண்டாவதுதான். எந்தக் கிருமிக்கு, எத்தனை நிமிடத்தில் என்று எழுதாத லேபிளைக் கிருமிநாசினி லேபிளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'தாவர அடிப்படை' என்ற சொல் அழுக்கு நீக்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே சொல்கிறது.

வினிகரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதை நம்புவோர்தான் அதிகம். சமையல் வினிகரில் அசெட்டிக் அமிலம் சுமார் 5%. இந்த அமிலம் பாக்டீரியாவின் சவ்வைக் கடந்து உள்ளே போய் அங்கே அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. அதனால் சில பாக்டீரியாக்கள் குறைவது உண்மை. ஆனால் 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு வினிகரையும் பேக்கிங் சோடாவையும் வீட்டுக் கிருமிநாசினிகளோடு ஒப்பிட்டபோது இரண்டுமே பின்தங்கின. தோலில் புண் உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸிடம் அவை எடுபடவில்லை. 2014இல் வந்த இன்னோர் ஆய்வில் அசெட்டிக் அமிலம் காசநோய்க் கிருமியைக் கொன்றது. ஆனால் அதற்கு 6% செறிவும் 30 நிமிட நேரமும் தேவைப்பட்டன. வீட்டிலோ வினிகரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து 2.5% ஆக்கி, தெளித்த கையோடு துடைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வாடை போகும், கிருமி போகாது. குழாயில் படியும் உப்புக்கறைக்கும் கண்ணாடிக்கும் வினிகர் அருமையான பொருள், அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். மார்பிளில் மட்டும் வேண்டாம்; அதிலுள்ள கால்சியம் கார்பனேட்டை அமிலம் கரைத்து மெருகைக் கெடுத்துவிடும்.

பேக்கிங் சோடா மென்மையாகத் தேய்க்க உதவும் பொடி, அவ்வளவே. இதையும் வினிகரையும் சேர்த்தால் பொங்குவதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிஞ்சுவது சோடியம் அசெட்டேட் கலந்த தண்ணீர். தனித்தனியாக இருந்தபோது இருந்த பலமும் போய்விடும்.

எலுமிச்சைச் சாறும் வினிகரைப் போன்றதே, கூடவே சர்க்கரைப் பிசுபிசுப்பை விட்டுச்செல்லும். பழத்தோல் என்சைமை 1 பங்கு சர்க்கரை, 3 பங்கு தோல், 10 பங்கு தண்ணீர் என்று போட்டு 3 மாதம் நொதிக்க வைக்கிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் நீர்த்த அமிலம். ஒவ்வொரு முறையும் செறிவு மாறும், பயன்படுத்தும்போது இன்னும் தண்ணீர் சேரும். தரை துடைக்க நல்லது, அதற்குமேல் இதை நம்பக் கூடாது.

டீ ட்ரீ ஆயிலுக்கு உண்மையிலேயே கிருமிகொல்லும் திறன் இருக்கிறது. சிக்கல் அளவில். பல பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கவே 0.5 முதல் 1% வரை வேண்டும். அரை லிட்டர் தண்ணீரில் 10 சொட்டு என்பது ஏறக்குறைய அரை மில்லி, அதாவது 0.1%. அதுவும் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும். பூனைக்கு இது நஞ்சு. பூனை இருக்கும் வீட்டில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

இனி, தேறும் பொருள்கள். தைமால், சிட்ரிக் அமிலம், லாக்டிக் அமிலம் இவற்றில் ஒன்றைக் கொண்டு முறையாகப் பதிவுபெற்ற கிருமிநாசினிகள் லேபிள் சொல்லும் வேலையைச் செய்கின்றன. ஆனால் பொறுமை வேண்டும்: தைமால் பொருள்கள் பலவற்றுக்கு 10 நிமிட ஈரம் தேவை. மெல்லிய ஸ்ப்ரே அதற்குள் காய்ந்துவிடும், காய்ந்தால் வேலையும் நின்றுவிடும்.

எங்கள் முதல் பரிந்துரை 3% ஹைட்ரஜன் பெராக்சைடு. இது செடியிலிருந்து வருவதில்லை. ஆனால் வேலை முடிந்தபின் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுகிறது. இயற்கைப் பொருளைத் தேடுவோர் விரும்புவதும் பெரும்பாலும் இதைத்தானே. பச்சை இறைச்சி வெட்டிய பலகையை முதலில் சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்து அலசுங்கள். பிறகு பெராக்சைடைப் பளபளவென்று ஈரம் தெரியும் அளவுக்குத் தெளித்து 10 நிமிடம் விடுங்கள். காய்ந்தால் மறுபடி தெளியுங்கள். கடைசியில் அலசி, நிறுத்திவைத்து உலர்த்துங்கள். சோப்புக் கட்டத்தைச் செய்யாமல் விட்டால் இரத்தத்தில் இருக்கும் கேட்டலேஸ் என்சைம் பெராக்சைடை உடைத்துவிடும். நுரை வருவதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று தோன்றும். அங்கே மருந்து வீணாகிக்கொண்டிருக்கிறது. பாட்டில் கருநிறமாகவே இருக்கட்டும், வெளிச்சம் பட்டால் பெராக்சைடு வலுவிழக்கும். வண்ணத் துணி வெளுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆல்கஹால் 70% நல்ல தேர்வு. புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் தேவைப்படுவதால், தூய ஆல்கஹாலைவிட இதுவே நன்றாக வேலை செய்கிறது. கதவுப்பிடி, போன் போன்றவற்றுக்குப் போதும்.

வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸிடம் மட்டும் ஆல்கஹாலையோ வினிகரையோ நம்பாதீர்கள். வீட்டில் யாருக்காவது வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் ப்ளீச்தான் சரி: 5% திரவ ப்ளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட்) 20 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்தால் சுமார் 1,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1,000 பங்கு) கிடைக்கும். கையுறை போட்டு, துடைத்துச் சுத்தம் செய்த பரப்பில் ஊற்றிக் குறைந்தது 5 நிமிடம் விடுங்கள். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். மற்ற நாள்களில் தரைக்கும் மேசைக்கும் சோப்புத் தண்ணீரே போதும்.

கலக்கக் கூடாதவை: ப்ளீச்சோடு வினிகரையோ எலுமிச்சையையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், அம்மோனியா சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு. பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் ஊற்றினால் கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும் பெராசெட்டிக் அமிலம் உருவாகும். கலந்துவிட்ட வாடை வந்தால் அதற்குமேல் எதையும் ஊற்றாமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். வாடை முழுதும் அடங்கும்வரை உள்ளே போக வேண்டாம்.