வேப்பெண்ணெயா, விரல் உறையா, ஸ்டிக்கர் பொட்டா? விரல் சூப்பும் குழந்தைக்கு எது ஒத்துவரும்

இரண்டரை வயதுக் குழந்தை கட்டைவிரலை வாயில் போட்டால் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பாட்டி வேப்பெண்ணெய்ப் புட்டியைத் தேடுவார். சித்தி ஆன்லைனில் விரல் உறை ஆர்டர் போட்டிருப்பார். எதிர்வீட்டம்மா, "பல்லு எத்திக்கும், இப்பவே டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்பார். சும்மா விடுவதும் ஒரு வழிதான் என்பது யாருக்கும் தோன்றாது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூன்று வயதுக்குக் கீழே சும்மா விடுவதற்குத்தான் என் ஓட்டு. வேப்பெண்ணெய்க்கு எந்த வயதிலும் கிடையாது.

சும்மா விடுவது சோம்பேறித்தனம் இல்லை. வயிற்றில் இருக்கும்போதே விரல் சூப்பும் குழந்தைகளை ஸ்கேனில் பார்க்கிறார்கள். தூக்கம், பசி, புது ஆள், அலுப்பு என எது வந்தாலும் தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ள அதற்குத் தெரிந்த ஒரே உபாயம் அது. பெரும்பாலான குழந்தைகள் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் சொல்கிறது. முன்பற்கள் கொஞ்சம் விலகியிருந்தாலும், அந்த வயதுக்குள் பழக்கம் நின்றால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். மேல்தாடை பக்கவாட்டில் குறுகிப்போவது மட்டும் அவ்வளவு எளிதில் திரும்பாது.

எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். விரலைச் சும்மா வாயில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கும் குழந்தையால் பல்லுக்குப் பெரிய ஆபத்தில்லை. கன்னம் குழிய உறிஞ்சி, விரலை இழுத்தால் 'டப்' என்று சத்தம் வருகிற குழந்தை, அதுவும் இரவெல்லாம் சூப்பும் குழந்தை, வேறு கணக்கு. விரலில் தோல் வெளுத்துத் தடித்திருக்கிறதா, நகச்சுத்தி வந்து போகிறதா என்றும் பாருங்கள். பின்பற்களைக் கடித்தபடி சிரிக்கச் சொல்லுங்கள். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நாக்கு நுனி எட்டிப்பார்த்தால், சும்மா விடும் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி கசப்பு. நம் ஊரில் இதற்குத்தான் முதல் மரியாதை: வேப்பங்கொழுந்து, வேப்பெண்ணெய், பாகற்காய்ச் சாறு, நாட்டு மருந்துக்கடை கரியபோளம். வேப்பெண்ணெய் இயற்கையானது, அதனால் கெடுதல் செய்யாது என்று நம்புகிறோம். 1980களின் தொடக்கத்தில் மலேசியாவில், வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட சிறு குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று மருத்துவமனைக்கு வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது வயிற்றுக்குள் போன அளவு. விரலில் தடவும் துளி அதற்கு ஈடில்லை என்பது சரிதான். ஆனால் நாளுக்கு நாலு முறை தடவி, அத்தனையையும் குழந்தை சப்பி விழுங்குகிறது, புட்டியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது என்றால், அந்த வித்தியாசத்தை நம்பி நான் இருக்க மாட்டேன். கரியபோளம் கற்றாழைப் பாலைக் காய்ச்சி இறுக்கியது, பேதிக்குக் கொடுப்பது. மிளகாய்த்தூளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்தக் கை அடுத்த நிமிஷம் கண்ணைக் கசக்கும்.

கடையில் கிடைக்கும் கசப்பு நெயில் பாலிஷ் இவற்றைவிடப் பரவாயில்லை. அதில் இருப்பது பெரும்பாலும் டெனடோனியம் பென்சோவேட் என்ற ரசாயனம், உலகிலேயே மிகக் கசப்பான பொருள் என்று பெயர் எடுத்தது. ஆனால் நம் குழந்தைகள் கையால் சாப்பிடுகிறவர்கள். வலது கட்டைவிரலில் பூசினால் பருப்புச்சோறும் கசக்கும். விரலும் போகாது, சாப்பாடும் இறங்காது. இன்னொன்று, கசப்பு யாருக்குப் பலிக்கும் என்றால், விட்டுவிட வேண்டும் என்று தானே நினைத்து, மறந்துபோய் வாயில் போடுகிற ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு. அவனுக்கு அது ஞாபகமூட்டல். இரண்டு வயதுக்கு அது தண்டனை. எதற்கு என்றே புரியாது. அழும், அழுகை வந்தால் விரலைத்தான் தேடும்.

விரல் உறை, சாக்ஸ், முழங்கை பேண்டேஜ் மூன்றும் ஒரே இனம்: தடுப்பு. பகலில் மூன்றும் தோல்வி. கை விளையாட வேண்டும், எடுக்க வேண்டும், சாப்பிட வேண்டும். மணிக்கட்டில் மாட்டும் பிளாஸ்டிக் உறை நம் வெயிலுக்கு உள்ளே வியர்த்து, விரல் ஊறிப்போகும். இரவில் நிலைமை தலைகீழ். தூக்கத்தில் தன்னையறியாமல் விரல் போடும் குழந்தைக்கு, கை நுனியை மூடித் தைத்த பழைய முழுக்கை பருத்திச் சட்டை நன்றாகவே உதவும். காசும் இல்லை, கழற்றவும் முடியாது. முழங்கையில் எலாஸ்டிக் பேண்டேஜை லூசாகச் சுற்றும் முறையும் உண்டு. கையை மடக்கிக்கொண்டே இருந்தால் இறுக்கம் உறுத்தி நீட்டிவிடும். ஆனால் இறுக்கிச் சுற்றிவிடுவோமோ என்ற பயம் இருப்பவர்கள் சட்டையோடு நின்றுகொள்ளலாம். எதுவானாலும் குழந்தையிடம் சொல்லிவிட்டு, அதன் சம்மதத்தோடு மாட்ட வேண்டும். அதனால் மூன்றரை வயதுக்கு முன்னால் இதுவும் வேண்டாம்.

பகலுக்கு ஸ்டிக்கர் பொட்டு. மாதக் காலண்டரைக் குழந்தையின் உயரத்துக்கு மாட்டி, விரல் போடாத நேரத்துக்கு ஒரு பொட்டு ஒட்ட விடுங்கள். நிறத்தை அதுவே தேர்ந்தெடுக்கட்டும். இங்கே பலர் சறுக்குவது நேரத்தில்தான். "நாள் முழுக்கப் போடாம இருந்தா பொட்டு" என்றால் பத்து மணிக்கே ஆட்டம் முடிந்துவிடும். சாயங்காலம் குளித்ததிலிருந்து இரவுச் சாப்பாடு வரை என்று குறுகலாகத் தொடங்கி, மெல்ல நீட்டுங்கள். அந்த நேரத்தில் கைக்கு வேலையும் வேண்டும்: சப்பாத்தி மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது. தவறினால் பொட்டு இல்லை, அவ்வளவுதான்; ஒட்டியதைப் பிய்ப்பது கூடாது. தாத்தாவோ மாமாவோ "அய்யே, பாப்பா மாதிரி விரல் சூப்புறியே" என்று நாலு பேர் முன்னால் சொன்னால் ஒரு வாரப் பொட்டும் வீண். முதலில் அவர்களிடம் பேசிவிட்டுக் காலண்டரை மாட்டுங்கள்.

ஒரு கையில் விரல், மறுகையில் அம்மாவின் புடவைத் தலைப்பு என்று ஜோடியாகச் செய்யும் குழந்தைகள் உண்டு. அந்தத் தலைப்பையோ போர்வையையோ மெல்ல ஒதுக்கினால் விரலும் சேர்ந்து குறைவதுண்டு. மற்ற வழிகளைவிடச் சத்தமில்லாத வழி இது.

"விரலுக்குப் பதிலா நிப்பிள் கொடுத்துடலாமே, பிடுங்கிப் போடுறது சுலபம்" என்பவர்களும் இருக்கிறார்கள். கைக்குழந்தைக்கு அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. நடக்கத் தொடங்கிய குழந்தைக்குப் புதிதாக ஒரு பழக்கத்தை எதற்கு விலை கொடுத்து வாங்குவது? பல்லை அதுவும் தள்ளத்தான் செய்யும்.

மேலண்ணத்தில் பொருத்தும் கம்பிக் கருவியைக் கடைசியில் வைக்கக் காரணம், அது பலிக்காது என்பதல்ல. விரலுக்கு அங்கே இடமில்லாமல் செய்து, சூப்பும் சுகத்தையே எடுத்துவிடும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பு 6 ஆய்வுகளையும் 252 குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தது. பல் கருவிகளும், பாராட்டு, கண்டிப்பு போன்ற உளவியல் முறைகளும் பலன் தருவதாகத் தெரிந்தது; சான்று வலுவானதல்ல என்றும் அதுவே சொன்னது. இரண்டும் பலிக்கும் என்றால், பேச்சு குழறாத, சாப்பாடு சிக்காத பொட்டையே முதலில் பார்க்கலாம். பொட்டும் இரவுச் சட்டையும் தோற்று, ஆறு வயதை ஒட்டி நிலைப்பற்கள் முளைக்கும்போதும் விரல் வாயில் இருந்தால், குழந்தைகள் பல் மருத்துவரிடம் போங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளின் பல்லுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. போகும்போது எந்த நேரத்தில் சூப்புகிறது, எவ்வளவு நேரம் என்று ஒரு வாரத்துக்குக் குறித்த தாளையும் எடுத்துப் போங்கள்.