எச்பி 200எல்எக்ஸ்: இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும் டாஸ் கணினி

ஹியூலட் பேக்கார்ட் நிறுவனம் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட 200எல்எக்ஸ் என்னும் உள்ளங்கைக் கணினியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வீட்டுக் கணக்கு, புத்தகப் பட்டியல், முகவரிகள், நாள்வாரியான வேலைகள் எல்லாம் இன்றும் அதில்தான் இருக்கின்றன. இந்த நீண்ட பழக்கத்தில் எனக்குத் தெளிவான ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். இந்தக் கருவியில் பொதுத் தரத்தைப் பின்பற்றிச் செய்யப்பட்ட பகுதி எதுவோ, அதற்கு இன்றும் கடையில் மாற்று கிடைக்கிறது. இந்தக் கருவிக்கென்றே வார்க்கப்பட்ட பகுதி எதுவோ, அதில்தான் இதன் ஆயுள் தீர்மானமாகிறது. ஆகவே இதைப் பராமரிப்பது என்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்கைக் காப்பாற்றும் வேலைதான்.

முதலில் கருவியைப் பற்றிச் சில விவரங்கள். 1991இல் வந்த 95எல்எக்ஸ், 1993இல் வந்த 100எல்எக்ஸ் ஆகியவற்றின் தொடர்ச்சி இது. இன்டெல் 80186 வகைச் செயலி 7.91 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குகிறது. எம்எஸ்-டாஸ் 5.0 என்னும் இயக்குதளம் அழியா நினைவகத்திலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. திரை 640க்கு 200 புள்ளிகள் கொண்ட, சிஜிஏ என்னும் பழைய கணினித் திரைத் தரத்தைச் சேர்ந்த வகை. வண்ணமும் இல்லை, பின்னொளியும் இல்லை. நினைவகம் 1, 2 அல்லது 4 மெகாபைட் என்ற அளவுகளில் வந்தது. இரண்டு பென்சில் பேட்டரிகள், காப்புக்காக ஒரு சிஆர்2032 பட்டன் செல், பக்கவாட்டில் கூடுதல் அட்டை செருகுவதற்கான பிசிஎம்சிஐஏ தரத் துளை ஒன்று, ஒரு சீரியல் இணைப்பு, ஓர் அகச்சிவப்புக் கண் ஆகியவை உண்டு. எடை ஏறத்தாழ 300 கிராம். 1999இல் இதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

இத்தனை பழைய கருவியை எடுக்கும்போது முதலில் மனத்தைக் கவர்வது அதன் உடனடித்தன்மை. பொத்தானை அழுத்தியதும் நேற்று எந்த வரியில் நிறுத்தினோமோ அந்த வரி அப்படியே வந்து நிற்கும். ஏற்றம், புதுப்பிப்பு, கடவுச்சொல், அறிவிப்பு எதுவும் குறுக்கே வருவதில்லை. நிரல்கள் அழியா நினைவகத்திலிருந்தே இயங்குவதும், கருவி அணைக்கப்பட்டாலும் தற்காலிக நினைவகத்துக்கு மின்சாரம் சென்றுகொண்டே இருப்பதும் இதற்குக் காரணம். தொலைபேசி ஏடு, சந்திப்பு ஏடு, குறிப்பு, லோட்டஸ் என்னும் விரிதாள் நிரல், கணிப்பான் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விசை உண்டு. ஒன்றில் இருக்கும்போதே அடுத்ததன் விசையை அழுத்தினால் அது திறக்கும். முந்தையது இருந்த இடத்திலேயே காத்திருக்கும். ஒன்றில் வெட்டியதை மற்றொன்றில் ஒட்டவும் முடியும்.

இதில் நான் மிகவும் மதிப்பது லோட்டஸ் 1-2-3. மேசைக் கணினிக்கென விற்கப்பட்ட அதே நிரலின் 2.4 பதிப்பு, சட்டைப்பைக்கு ஏற்பச் சுருக்கப்படாமல் முழுமையாக இருக்கிறது. மாதச் செலவுத் தாளை அதில்தான் வைத்திருக்கிறேன். சாய்வுக்கோட்டு விசையை அழுத்தினால் பட்டி திறக்கும். அங்கிருந்து ஒவ்வோர் ஆணைக்கும் அதன் முதலெழுத்தே போதும் என்பதால், பழகிய கைக்குச் சுட்டியோ தொடுதிரையோ தேவைப்படுவதில்லை. பெரிய தாள்களில் மறுகணக்கீட்டுக்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும் என்பதை மறைக்க விரும்பவில்லை. சில நூறு வரிகள் கொண்ட வீட்டுக் கணக்குக்கு அது ஒரு தடையே அன்று.

கணிப்பானும் அதற்கு இணையானது. எச்பியின் நிதிக் கணிப்பான் மரபு முழுவதும் அதற்குள் இருக்கிறது. 5,00,000 ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி, 60 மாதத் தவணை என்று மூன்று மதிப்புகளைக் கொடுத்தால் மாதத் தவணை 10,379 ரூபாய் என்று உடனே சொல்லும். மாறாக, மாதம் 9,000 ரூபாய்தான் கட்ட இயலும் என்றால் எத்தனை மாதம் ஆகும் என்று அதே திரையிலேயே திருப்பிக் கேட்கலாம். சமன்பாட்டை நாமே எழுதி, அதில் எந்த மாறி தெரியாததோ அதைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வசதியும் உண்டு. வங்கிக்குச் செல்லும் நாளில் கைப்பேசியை விட இதையே நம்பி எடுத்துச் செல்கிறேன்.

தரவுத்தளம் எளிமையானது, ஆனால் நன்கு சிந்தித்துச் செய்யப்பட்டது. படிவத்தை நாமே வரையலாம், புலங்களை வேண்டிய இடத்தில் வைக்கலாம், நிபந்தனை கொடுத்துப் பதிவுகளைப் பிரித்துப் பார்க்கலாம். சந்திப்பு ஏட்டில் குறித்த நேரத்தில் மணி அடிக்கச் செய்வது மட்டுமல்லாமல், ஒரு நிரலைத் தானாக இயங்கச் செய்யவும் முடியும். அணைந்திருக்கும் கருவி அந்த நேரத்துக்கு விழித்துக்கொண்டு வேலையைச் செய்யும். இரவுதோறும் முக்கியக் கோப்புகளைச் சேமிப்பு அட்டைக்குப் படியெடுக்கும் சிறு தொகுப்புக் கோப்பை (ஆணைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) நான் இவ்வாறுதான் இயக்குகிறேன்.

திரையைப் பற்றி இருவேறு கருத்து இருக்கிறது, இரண்டும் சரிதான். வெயிலில், ஜன்னலோரத்தில், ரயில் பயணத்தில் அது மிகத் தெளிவாக இருக்கும். மங்கிய அறையில் மேசை விளக்கு இல்லாமல் ஒன்றும் தெரியாது. 80 எழுத்து அகலத்தில் 25 வரிகள் காட்டும்போது எழுத்துகள் மிகச் சிறியவை. நடுவயதைத் தாண்டியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கும் விசைச் சேர்க்கையைத்தான் அதிகம் அழுத்த நேரிடும். விசைப்பலகையில் பத்து விரல்களால் தட்டச்சு செய்ய முடியாது. கருவியை இரு கைகளிலும் பிடித்துக் கட்டைவிரல்களால் தட்ட வேண்டும். விசைகள் எச்பி கணிப்பான்களைப் போலவே அழுத்தத்தை விரலுக்கு உணர்த்தும் தன்மை உடையவை என்பதாலும், வலப்பக்கம் எண்களுக்கெனத் தனி விசைத்தொகுதி இருப்பதாலும், எண்களை உள்ளிடும் வேலைக்கு இன்றைய கண்ணாடித் திரைகளை விட இது வசதியானது என்பது என் கருத்து. நீண்ட கட்டுரை எழுத நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முந்தைய உலகத்தைச் சேர்ந்த கருவி இது. இன்றைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் புரியாத குறிகள்தான் வரிசையாக நிற்கும். ஜப்பானியப் பயனாளர்கள் காஞ்சி (kanji) என்னும் தம் எழுத்துகளுக்கான எழுத்துருக்களையும் உள்ளீட்டு முறையையும் இதற்குள் பொருத்தி, தம் மொழியிலேயே பயன்படுத்தினார்கள் என்பது இக்கருவியின் வரலாற்றில் வியக்கத்தக்க பகுதி. நான் செய்வது எளிய வழி: ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துக் குறித்துக்கொண்டு, பிறகு மேசைக் கணினியில் தமிழாக மாற்றிக்கொள்கிறேன். சிறு குறிப்புகளுக்கு இது போதும்.

பராமரிப்பில் முதலிடம் மின்சாரத்துக்கு. சி என்ற வட்டு உண்மையில் தற்காலிக நினைவகத்தின் ஒரு பகுதியே ஆகையால், பென்சில் பேட்டரியும் பட்டன் செல்லும் ஒருசேரத் தீர்ந்துவிட்டால் அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும். எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது என்பது தலையாய விதி. பென்சில் பேட்டரி மாற்றுவதற்கு முன் பட்டன் செல் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டன் செல்லை மாற்றும்போது பென்சில் பேட்டரிகள் வலுவாக இருக்க வேண்டும். பட்டன் செல்லை ஆண்டுக்கொரு முறை, தீரும்வரை காத்திராமல், மாற்றிவிடுவது என் வழக்கம். அதன் விலை அற்பம், அது காப்பாற்றுவதோ அரிய பொருள்.

மறுஊட்டம் செய்யத்தக்க நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் இதற்குப் பொருந்தும். அவற்றிலும், தானாக மின்னிழப்பு குறைவாக உள்ள வகையையே வாங்க வேண்டும். சாதாரண வகை, கருவி அணைந்திருக்கும்போதே வடிந்துவிடும். அவற்றின் மின்னழுத்தம் 1.2 வோல்ட் மட்டுமே என்பதால், அமைப்புத் திரையில் பேட்டரி வகையை நிக்கல் காட்மியம் என்று குறிக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பேட்டரியில் போதிய மின்சாரம் இருக்கும்போதே குறைந்துவிட்டதாக எச்சரிக்கை வரும். கருவிக்குள்ளேயே ஊட்டமேற்றும் வசதியும் உண்டு. ஆனால் ஆல்கலைன் பேட்டரி உள்ளிருக்கும்போது அந்த வசதி ஒருபோதும் இயக்கத்தில் இருக்கக் கூடாது. பேட்டரி கசிந்து கருவியே பாழாகலாம். நான் இந்தக் குழப்பமே வேண்டாம் என்று, அந்த வசதியை நிரந்தரமாக அணைத்து வைத்து, வெளிச் சார்ஜரில்தான் ஏற்றுகிறேன். நாளொன்றுக்குச் சிறிது நேரம் என்ற அளவில் பயன்படுத்தினால் ஒரு சோடி பேட்டரி வாரக்கணக்கில் வரும். அட்டையை அடிக்கடி படித்தால் அந்தக் கணக்கு சட்டென்று குறையும்.

பயன்படுத்தாமல் எடுத்து வைப்பவர்கள் பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். இவ்வகைக் கருவிகளைக் கொன்றவற்றுள் கசிந்த ஆல்கலைன் பேட்டரிக்குத் தனி இடம் உண்டு. கசிவு சிறிதளவே என்றால், பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டு உலோகத் தொடர்புகளைத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மீண்டும் துடைத்து, நன்கு உலரவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

கருவி உறைந்து நின்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்திப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆன் ஆகியவற்றைச் சேர்த்து அழுத்த வேண்டும். அப்போது நினைவக வட்டைப் புதிதாக அமைக்கவா என்று ஒரு கேள்வி வரும். பதற்றத்தில் ‘ஆம்’ என்று விடை சொல்லிவிட்டால் சி வட்டில் எதுவும் மிஞ்சாது.

சேமிப்புக்கு இன்று எளிய வழி காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை. அதை பிசிஎம்சிஐஏ அடாப்டரில் செருகினால் கருவி அதை ஏ வட்டாக ஏற்கும். எஃப்ஏடி16 என்னும் பழைய கோப்பு அமைப்பில், மிதமான கொள்ளளவுள்ள அட்டையே நலம். டாஸ் 5.0 ஒரு பகுதியில் 2 ஜிகாபைட்டுக்கு மேல் கையாளாது. அந்த அளவில் ஒவ்வொரு சிறு கோப்பும் 32 கிலோபைட் இடத்தை விழுங்கும். தவிர, எல்லா அட்டைகளையும் கருவி ஏற்பதில்லை. விலை உயர்ந்த அதிவேக அட்டையை விட, பழைய சிறிய அட்டையே இங்கு நன்றாக ஒத்துழைக்கிறது. கோப்புகளை வெளியே எடுக்க சீரியல் கேபிளைத் தேடி அலைய வேண்டியதில்லை. அடாப்டரிலிருந்து அட்டையை உருவி, யுஎஸ்பி அட்டைப் படிப்பானில் போட்டால் போதும். லோட்டஸ் தாள்களை லிப்ரே ஆபீஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருள் இன்றும் திறக்கிறது. தரவுத்தளக் கோப்புகளுக்கு அந்தக் காலப் பயனாளர்கள் எழுதிய ஏற்றுமதிக் கருவிகள் இருக்கின்றன. அவற்றால் எளிய உரையாக மாற்றிவிடலாம். கேபிளைத்தான் பயன்படுத்துவது என்றால், கருவியின் முனை இதற்கென்றே செய்யப்பட்ட 10 ஊசி வடிவம் ஆகையால், பழையது ஒன்றைத் தேடி வாங்க வேண்டியிருக்கும்.

இனி கீல். திரைப்பகுதியைத் தாங்கும் கீல் இறுக்கமானது. அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மெல்லியது. முப்பது ஆண்டு கடந்த பிளாஸ்டிக் இயல்பாகவே நெகிழ்வை இழந்திருக்கும் நிலையில், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த இறுக்கம் முழுவதும் ஒரு மூலையில் விழுந்தால் அங்கே மயிரிழை விரிசல் தொடங்கும். எனவே மூலையைப் பற்றி ஒரு கையால் நெம்பக் கூடாது. தாழை விடுவித்த பின், மூடியின் நடுப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து மெதுவாகத் திறக்க வேண்டும். விரிசல் தெரிந்தால் உடனே கவனிக்க வேண்டும். உடனடிப் பசையைத் தொடவே கூடாது என்பேன்: அது நீர்போல ஓடிக் கீலுக்குள் புகுந்து இறுகும், ஆவி படிந்து திரையைச் சுற்றி வெண்மை படரும். இரு கலவை எபாக்சியைச் சிறிதளவு குழைத்து, உட்புறத்தில் மெல்லிய தகடு ஒன்றைத் தாங்கலாக வைத்து ஒட்டி, ஒரு நாள் முழுதும் அசைக்காமல் விடுவதே நிற்கிறது. பேட்டரிக் கதவும் தாழும் இதே இனம். உடைந்தால் வேறொரு பழுதான கருவியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதனாலேயே நெடுநாள் பயனாளர்கள் பலர் உதிரிக்கென்று இயங்காத ஒன்றையும் வாங்கி வைத்திருப்பார்கள்.

விசைப்பலகையைக் கழற்றிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. அதன் அடுக்குகள் உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் முனைகளால் பிணைக்கப்பட்டவை. ஒருமுறை பிரித்தால் பழைய இறுக்கம் திரும்பாது. ஒரு விசை இருமுறை பதிந்தாலோ பதியாமல் நழுவினாலோ, மென்மையான தூரிகையால் தூசி அகற்றி, கருவியை அணைத்துவிட்டு அந்த விசையைப் பலமுறை அழுத்திப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். திரையின் மேலுள்ள ஒளிமுனைவுப் படலம் வெப்பத்திலும் ஈரத்திலும் கெடும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைப்பது பயன் தரும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்வது எந்த ஊரிலும் ஆகாது.

வாங்க நினைப்பவர்கள் நினைவக அளவையோ வேகத்தையோ பார்த்து மயங்க வேண்டாம். அந்தக் காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள தாடியஸ் கம்ப்யூட்டிங் நிறுவனம் இக்கருவிக்கென ஒரு பத்திரிகை நடத்தியதோடு, வேகத்தை இரட்டிப்பாக்கியும் நினைவகத்தைக் கூட்டியும் விற்றது. அத்தகையது கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் என் வரிசையில் அதற்கு இடம் கடைசி. முதலில் இரண்டு கீல் மூலைகளையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். அடுத்து பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா என்பது. பிறகு குறிப்பு ஏட்டைத் திறந்து எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது. இம்மூன்றிலும் தேறிய 1 மெகாபைட் கருவியை, கீல் விரிசல் விட்ட 4 மெகாபைட் கருவியை விட நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன். இடம் போதாவிட்டால் அட்டை இருக்கிறது, கீலுக்கு அப்படி ஒன்று இல்லை.