மிஷனரிக்கு ஜப்பானிய மொழியில் எந்தச் சொல்?

'மிஷனரி' என்பதற்கு ஜப்பானிய அகராதியைப் புரட்டினால் மூன்று நான்கு சொற்கள் வரிசையாக நிற்கும். கைக்கு வந்ததை எடுத்துப் போட முடியாது. அவர் எந்த மதம், எங்கே வேலை செய்கிறார் என்று பார்க்காமல் எழுதினால் ஆளே மாறிவிடுவார்.

வெளிநாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவர் என்றால் தயங்காமல் 'சென்க்யோஷி' என்று எழுதலாம். 1549இல் ககோஷிமாவில் வந்திறங்கிய பிரான்சிஸ் சேவியரை ஜப்பானியப் பாடப்புத்தகங்கள் இப்படித்தான் குறிப்பிடுகின்றன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நம் முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே ஊழியம் செய்த அதே சவேரியார்தான். கத்தோலிக்கர், புரொட்டஸ்டண்ட், மார்மன் எல்லாருக்கும் இது பொருந்தும். வெள்ளைச் சட்டையும் பெயர்ப்பட்டையுமாக இருவர் இருவராகப் போகிற மார்மன் இளைஞர்களும் சென்க்யோஷிதான். அவர்களைக் கூப்பிடும்போது மட்டும் பெயருக்குப் பின்னால் 'ச்சோரோ', அதாவது மூப்பர், என்று சேர்க்க வேண்டும்.

குழப்பம் 'தெந்தோஷி'யில்தான் வருகிறது. அகராதியைப் பார்த்தால் இதுவும் சென்க்யோஷியும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஜப்பானியப் புரொட்டஸ்டண்ட் சபைகள் பலவற்றில் இது ஒரு பதவி. இறையியல் படிப்பை முடித்து, போதகராக அபிஷேகம் பெறுவதற்கு முன்னால் இருக்கும் நிலை. நம் ஊர்ச் சபைகளில் குருவானவருக்குக் கீழே உபதேசியார் இருப்பாரே, ஏறக்குறைய அந்த இடம். பல வருடம் ஊழியம் செய்த வெளிநாட்டு மிஷனரியைத் தெந்தோஷி என்று எழுதினால், அவரை ஒரு படி இறக்கியதாகிவிடும். நான் இந்தச் சொல்லை, சபையே ஒருவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்திருந்தால் ஒழியப் பயன்படுத்த மாட்டேன்.

'ஃபுக்யோஷி' பௌத்தர்களின் சொல். ஜோதோ, சோதோ ஜென் போன்ற பிரிவுகளில் சமயச் சொற்பொழிவு செய்யும் குருமார்களைக் குறிக்கும். 'ஷி' இல்லாமல் வெறும் 'ஃபுக்யோ' என்றால் எந்த மதத்தைப் பரப்புவதற்கும் சொல்லலாம். அனிமே ரசிகர்கள் இதையும் தங்கள் பேச்சில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். பிடித்த தொடரை நண்பர்கள் தலையில் கட்டுவது ஃபுக்யோ. அதற்காகவே கூடுதலாக வாங்கிவைக்கும் பிரதி 'ஃபுக்யோ-யோ'.

பௌத்த குரு கடல் கடந்து போனால் சில பிரிவுகளில் 'கைக்யோஷி'. 1899இல் கியோட்டோவின் நிஷி ஹொங்கான்ஜி பௌத்தக் கோயில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிய இருவர் இந்த வகை. மற்ற மூன்று சொற்களிலும் வரும் 'ஷி' ஆசான். இதில் வருவது வேறு கான்ஜி (ஜப்பானியத்தில் எழுதும் சீன எழுத்து), தூதர் என்று பொருள். காதுக்கு இரண்டும் ஒன்றுதான், எழுதும்போது கவனம் தேவை.

அப்புறம் 'பதெரென்'. போர்த்துகீசிய 'பாத்ரே'யிலிருந்து வந்தது. 1587இல் அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி பாதிரிகளை நாட்டை விட்டு வெளியேறச் சொன்ன ஆணையில் இந்தப் பெயர்தான் இருக்கிறது. அந்தக் காலத்துக் கதையை எழுதுகிறவர்களுக்கு மட்டும் இது போதும்.

சரி, எந்த மதம் என்றே தெரியவில்லையா? பட்டம் எதுவும் கொடுக்காமல் 'ஃபுக்யோ ஷிதேஇரு ஹிதோ', மதம் பரப்புகிற ஒருவர், என்று எழுதிவிடுங்கள்.