மருந்துக்குக் கையெழுத்து கேட்கும் கிரெச்
வேளச்சேரியில் என் மகள் போகும் கிரெச்சில் (பகல்நேரக் குழந்தைகள் காப்பகம்) சாப்பாடு சுமார்தான், எந்நாளும் பருப்பு சாதம். ஆனால் மருந்து விஷயத்தில் கறார். டாக்டர் சீட்டின் நகலோடு, அளவும் நேரமும் எழுதிப் பெற்றோர் கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்கள்.

போன மாதம் என் மாமியார் ஒரு இருமல் சிரப்பைக் கொடுத்தனுப்பினார். "நாலு வயசுக்குக் கீழே ஆகாதுங்க, லேபிளைப் பாருங்க" என்று பொறுப்பாளர் அக்கா திருப்பிவிட்டார். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்ற இரண்டு சளி மருந்துகள் சேர்ந்தது அது. இந்த எச்சரிக்கையை அச்சிடச் சொல்லி 2023-இலேயே அரசு உத்தரவு போட்டது. மாமியாருக்குக் கோபம், எனக்கு நிம்மதி.

காய்ச்சல் என்றால் உடனே வந்து கூட்டிப்போக வேண்டும் என்று சேர்க்கும்போதே எழுதி வாங்குகிறார்கள். குழந்தையை வேண்டுமென்றே கவனிக்காமல் வதைபட விட்டால் 3 ஆண்டு வரை சிறை என்ற 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவையும் படிவத்தில் அச்சிட்டிருப்பது கொஞ்சம் அதிகம்தான். அப்புறம், மாலை ஆறரை தாண்டினால் தனிக் கட்டணம்.